சிறுவர் மாடல்

மின்னசோட்டாவில் ஷாட்கன் வாங்க நினைப்பவர் செய்யக்கூடாத முதல் காரியம், அதை ஆபீஸில் வாய்விட்டுச் சொல்வது.

"இந்த வருஷம் ஃபெசன்ட் வேட்டைக்கு நானும் வரலாமென்று இருக்கிறேன், என்ன துப்பாக்கி வாங்கலாம்?" என்று காபி மெஷின் பக்கத்தில் நின்று கேட்டேன். ஃபெசன்ட் என்றால் நீள வால் வைத்த ஒரு காட்டுக்கோழி மாதிரி. மின்னசோட்டாக்காரர்கள் அதிகம் பேசமாட்டார்கள் என்று பெயர். பனியில் சிக்கிய காரைத் தள்ளிவிட்டு, பெயரைக்கூடச் சொல்லாமல் போய்விடுகிற மனிதர்கள். அன்று பதினைந்து நிமிட ஸ்டாண்டப் மீட்டிங் பகல் சாப்பாடு வரை நீண்டது. புராஜெக்டைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை.

கேட்டுக்கேட்டு எனக்கு ஒன்று விளங்கியது. துப்பாக்கி வைத்திருக்கிற ஒவ்வொருவரும் சிபாரிசு செய்வது, தான் வைத்திருக்கிற துப்பாக்கியைத்தான். என் உயரம், என் பர்ஸ், நான் எதைச் சுடப்போகிறேன் என்பதெல்லாம் கேள்வியே இல்லை.

என் மேனேஜரிடம் இருப்பது அவர் தாத்தாவின் பிரௌனிங் ஆட்டோ-5. முதுகு கூன் விழுந்த பழைய செமி ஆட்டோமேட்டிக். ஒரு தோட்டா வெடித்ததும் குழலே பின்னால் போய் முன்னால் வந்து, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். அதை வடிவமைத்த ஜான் மோசஸ் பிரௌனிங்கின் கதையை மேனேஜர் ஆரம்பித்தால், பெர்ஃபார்மன்ஸ் ரிவ்யூவைக்கூட மறந்துவிடுவார். பிரௌனிங் இந்தத் துப்பாக்கியை முதலில் வின்செஸ்டர் கம்பெனியிடம் கொண்டுபோனார். ராயல்டி கேட்டார், ஒத்துவரவில்லை. 1902 ஜனவரியில் ரெமிங்டன் தலைவரைப் பார்க்கப்போய், வெளியே காத்துக்கொண்டிருந்தபோது அந்தத் தலைவர் மாரடைப்பில் இறந்துபோனார். பிரௌனிங் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கப்பலேறிப் பெல்ஜியம் போய்விட்டார். இதையெல்லாம் சொல்லிவிட்டு மேனேஜர், "ஆகவே நீ செமி ஆட்டோமேட்டிக் வாங்கு" என்று முடிப்பார். அந்த "ஆகவே" எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. அப்ரைசல் அவர் கையில் இருக்கிறது.

டெஸ்டிங் டீமில் ஒருவர் இத்தாலியத் துப்பாக்கிக்காரர். மேலொன்று கீழொன்றாக இரட்டைக்குழல், பக்கவாட்டில் பறவைகள் செதுக்கியது. "பெரெட்டா குடும்பம் 1526லிருந்து துப்பாக்கிக் குழல் செய்கிறது, தெரியுமா?" என்றார். பாபர் பானிபட்டில் ஜெயித்த ஆண்டு. விலையைக் கேட்டேன். பாபரே தவணை கேட்டிருப்பார்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ரிட்டயரானவர். அவர் கட்சி ரெமிங்டன் 870. முன்கட்டையைக் கையால் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும் பம்ப் வகை. 1950இல் வந்தது, 2009இல் ஒரு கோடியாவது துப்பாக்கி தயாரானது. "ஒரு கோடிப் பேர் முட்டாளாக இருக்க முடியாது" என்றார். தேர்தல் முடிவுகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு இந்த வாதம் அவ்வளவாக ஒட்டவில்லை. ஆனாலும் தலையாட்டினேன். குளிர்காலத்தில் என் வாசல் பனியை அவருடைய மெஷின்தான் தள்ளுகிறது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது என் மனைவிக்கு ஒரே ஒரு சந்தேகம். "ஏங்க, கோழிதானே வேணும்? காஸ்ட்கோல வெந்த கோழியே 4.99 டாலர்."

துப்பாக்கிக்கு முன்னால் சட்டம். நான் ஹெச்-1பி விசாக்காரன். தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்க மத்திய அரசின் சட்டம். ஆனால் அதற்குள்ளேயே ஒரு விலக்கும் வைத்திருக்கிறார்கள். காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் வைத்திருக்கலாம். பத்து வருடமாக வரி கட்டுகிறேன், வீட்டுக் கடன் இருக்கிறது, குடியிருப்போர் சங்கமான ஹெச்ஓஏவின் கூட்டத்துக்குக்கூடத் தவறாமல் போகிறேன். அதையெல்லாம் வைத்து இந்த ஆளை நம்பலாமா என்று கேட்டால் சட்டம் உதட்டைப் பிதுக்குகிறது. "பறவை சுடத்தான் சார்" என்று ஒரு காகிதத்தைக் காட்டினால், "அப்படியா, எடுத்துக்கோ" என்கிறது. ஆபீஸ் வக்கீலுக்கு எழுதிக் கேட்டேன். "ஆமாம், அப்படித்தான்" என்று ஒரு வரியில் பதில் வந்தது. அந்த ஒரு வரியில் அவர் சிரித்தது தெரிந்தது.

வேட்டை உரிமம் வேண்டுமென்றால், 1979 டிசம்பர் 31க்குப் பிறகு பிறந்தவர்கள் மின்னசோட்டாவில் துப்பாக்கிப் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். பெரியவர்கள் ஆன்லைனிலேயே முடித்துவிடலாம். மேனேஜர், "நேரில் போ, கையில் பிடித்துக் கற்றுக்கொள்" என்று சொன்னதால் நேரில் போனேன். பதினொரு வயதிலிருந்து சேர்க்கிறார்கள். ஊர் ஓரத்தில் ஒரு ஹால், மடக்கு நாற்காலிகள், நிறையப் பிள்ளைகள், நடுவில் நான். பக்கத்தில் உட்கார்ந்த பையன் என்னைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "நீங்கள் யாருடைய அப்பா?" என்று மரியாதையாகக் கேட்டான்.

பாடம் சொன்னவர் வெள்ளை மீசைத் தாத்தா. அவர் சொல்லித்தந்ததிலேயே எனக்குப் பிடித்தது வேலி தாண்டுவது. முதலில் தோட்டாவையெல்லாம் வெளியே எடுக்க வேண்டும். அறையைத் திறந்து வைத்தபடியே துப்பாக்கியைக் கம்பிக்கு அடியில், குழல் யார் பக்கமும் திரும்பாமல், அந்தப் பக்கம் தள்ள வேண்டும். அப்புறம் ஆள் வேறொரு இடத்தில் தாண்டிப் போய் அதை எடுக்க வேண்டும். இதற்காக ஹாலுக்கு வெளியே நிஜமாகவே ஒரு முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். பிள்ளைகள் அணில் மாதிரி பாய்ந்தார்கள். நான் தாண்டி முடிக்கும்வரை எல்லாரும் பொறுமையாக நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

அந்தப் பையனிடமும் கேட்டுவைத்தேன், எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்று. "20 கேஜ். 12 ரொம்ப உதைக்கும்" என்றான். அதுவரை எனக்குக் கிடைத்த ஆலோசனையில், கேட்கிறவனைக் கொஞ்சம் மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னது இது ஒன்றுதான்.

ஆனால் கேஜ் என்றால் என்ன? அங்கேதான் மாட்டிக்கொண்டேன். 12 கேஜ் பெரிய துப்பாக்கி, 20 சின்னது, 28 அதைவிடச் சின்னது. எண் ஏற ஏறத் துப்பாக்கி இளைக்கிறது. துப்பாக்கிக் குழலின் உள்வாய்க்குச் சரியாகப் பொருந்துகிற மாதிரி ஈயத்தை உருண்டை பிடித்தால், ஒரு பவுண்டு ஈயத்தில் எத்தனை உருண்டை வருகிறதோ அதுதான் கேஜ். நம்மூரில் போர் என்பார்கள். பன்னிரண்டு உருண்டை வந்தால் 12, உள்வாய் 18.5 மில்லிமீட்டர். இருபது வந்தால் 20, உள்வாய் 15.6.

இதை நான் சாப்பாட்டு மேஜையில் உப்பு டப்பாவையும் மிளகு டப்பாவையும் வைத்து எனக்கு நானே விளக்கிக்கொண்டிருந்தபோது, சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்த மனைவி திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "இதுல புரியாததுக்கு என்ன இருக்கு? நூல் கவுண்ட்தானே?"

அவளுக்குச் சொந்த ஊர் பல்லடம். சுற்றிலும் தறியும் நூல் மில்லும். ஒரு பவுண்டு பருத்தி நூலில் 840 கஜச் சிட்டம் எத்தனை வருகிறதோ அதுதான் கவுண்ட். இருபதாம் நம்பர் தடி நூல், நாற்பதாம் நம்பர் மெலிசு, அறுபது இன்னும் மெலிசு. அதே பவுண்டு, அதே தலைகீழ். ஆபீஸில் அத்தனை பேர் வெள்ளைப் பலகையில் படம் போட்டும் ஏறாதது, ஒரு சப்பாத்தி உப்பி இறங்குவதற்குள் ஏறிவிட்டது.

"அப்போ 410ன்னு ஒண்ணு இருக்கே, அது நூலைவிட மெலிசா?" என்று மடக்கினேன். அது மட்டும் கேஜ் இல்லை. 0.410 அங்குலம் என்று நேரடி அளவு. கேஜில் சொன்னால் அறுபத்தேழு சொச்சம் வரும். எந்த அலுவலகத்திலும் யூனிஃபார்ம் போடாத ஒருவர் இருப்பார் அல்லவா?

தோட்டாவுக்குள் இருக்கும் ரவையும் இதே சாதி. 9ஆம் நம்பர் ரவை 2 மில்லிமீட்டர், 6ஆம் நம்பர் 2.8, 4ஆம் நம்பர் 3.3. அமெரிக்கக் கணக்கில் 17லிருந்து ரவை நம்பரைக் கழித்தால், வருகிற விடை ரவையின் குறுக்களவு, நூறில் ஒரு பங்கு அங்குலத்தில். இப்படி ஒரு சூத்திரத்தை யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்பதே எனக்கு ஆறுதல். 6ஆம் நம்பர் ஈய ரவை ஒரு அவுன்ஸில் சுமார் 225 இருக்கும். இத்தனையையும் ஒன்றாக அனுப்பினால் ஒன்றாவது படாதா என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அந்த நம்பிக்கையில்தான் இறங்கினேன்.

அந்த 225ம் எவ்வளவு விரிந்து போகவேண்டும் என்பதைக் குழல் முனையின் இறுக்கம் தீர்மானிக்கிறது. அதற்குச் சோக் என்று பெயர். 40 கஜத்தில் 30 அங்குல வட்டம் போட்டுச் சுட்டால், ஃபுல் சோக்கில் நூற்றுக்கு எழுபது ரவை வட்டத்துக்குள் விழும். மாடிஃபைடில் அறுபது, இம்ப்ரூவ்டு சிலிண்டரில் ஐம்பது. இதில் எது நல்லது என்று ஆபீஸில் ஒரு கோஷ்டிச் சண்டையே இருக்கிறது. ஃபெசன்ட் பெரும்பாலும் காலடியிலிருந்துதான் கிளம்பும். விரிந்து போகிற சோக்கே போதும். இதை நான் சொல்லிவிட்டேன் என்று மட்டும் வெளியே சொல்லாதீர்கள்.

இந்தத் தலைகீழ் எண் விவகாரத்தில் நிஜமாகவே பயப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. 20 கேஜ் தோட்டாவைத் தவறி 12 கேஜ் துப்பாக்கியில் போட்டால், அது வழுக்கிக்கொண்டு குழலுக்குள் போய் நடுவில் சிக்கி நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதற்குப் பின்னால் ஒரு 12 தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். அதனால்தான் 20 கேஜ் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். மீசைத் தாத்தா பாடத்தில் இரண்டு முறை சொன்னது இது ஒன்றைத்தான்.

உரிமம் வந்தது. கடைக்குப் போனேன். கவுன்டரில் நின்றவர் ஆறடி மூன்றங்குலம் இருப்பார். முப்பாட்டன் நார்வேயிலிருந்து வந்திருக்க வேண்டும். ஒரு 12 கேஜ் பம்பை எடுத்து, அறையைத் திறந்து காலியென்று காட்டி, என் கையில் கொடுத்தார். "கண்ணை மூடிக்கொண்டு தோளுக்குத் தூக்குங்கள். அப்புறம் கண்ணைத் திறங்கள்" என்றார்.

தூக்கினேன். கட்டையின் அடியிலிருக்கும் ரப்பர், தோள்வரை வரவே இல்லை. வரும் வழியில் அக்குளுக்குக் கீழே ஜாக்கெட்டைக் கவ்விக்கொண்டு நின்றுவிட்டது. எக்கி, இழுத்து, கழுத்தை ஒட்டகம்போல நீட்டிக் கன்னத்தைக் கட்டையில் வைத்துக் கண்ணைத் திறந்தால், குழலும் தெரியவில்லை, முனையிலிருக்கும் மணியும் தெரியவில்லை. துப்பாக்கியின் முதுகு மட்டும் ஒரு கறுப்புச் சுவராகத் தெரிந்தது. டிரிகர் எங்கோ அடுத்த தாலுகாவில் இருந்தது.

அவர் சிரிக்கவில்லை. "இது உங்கள் குறையில்லை" என்றார், டாக்டர் மாதிரி.

அவர் அப்போது சொன்னதை யாரும் அதுவரை எனக்குச் சொல்லவில்லை. ரைஃபிளில் குறி பார்க்க முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று இருக்கும். ஷாட்கனில் முன்னால் ஒரு மணி மட்டும்தான். பின்குறி உங்கள் கண். கண் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து உட்கார வேண்டும், அதுவும் அரை விநாடிக்குள், பறவையைப் பார்த்துக்கொண்டே. தலையை ஒரு விரற்கடை தூக்கிவிட்டால் ரவையெல்லாம் பறவைக்கு மேலே போய்விடும். ஆகவே பெரெட்டாவா ரெமிங்டனா, பம்பா ஆட்டோவா என்பதெல்லாம் அப்புறம். முதலில் டிரிகரிலிருந்து கட்டையின் கடைசிவரை உள்ள நீளம், கன்னம் வைக்கிற இடத்தின் உயரம், இந்த இரண்டும் ஆளுக்குப் பொருந்த வேண்டும். கடையில் விற்கிற துப்பாக்கிகளில் அந்த நீளம் பதினான்கு அங்குலத்துக்கு மேலே. அது ஆறடி ஆசாமிக்கு வெட்டியது. நான் ஐந்தடி நாலு. அதோடு அக்டோபர் மாத மின்னசோட்டா என்றால் உள்ளே ஒரு ஸ்வெட்டர், மேலே ஒரு ஜாக்கெட். அந்தத் தடிமனையும் கை நீளத்தில் கழித்துக்கொள்ள வேண்டும்.

லண்டனில் பர்டி என்று 1814லிருந்து ஒரு கடை இருக்கிறது. அங்கே போனால், எல்லாப் பக்கமும் திருகித் திருகி மாற்றுகிற மாதிரி கட்டை வைத்த ஒரு துப்பாக்கியைக் கொடுத்து, ஆளை அளவெடுத்து, அதற்கேற்ப வால்நட் மரத்தில் கட்டை கடைந்து தருவார்கள். அந்த விலைக்குக் கோயம்புத்தூரில் வீடு வாங்கலாம், வீடாவது பொருந்தும்.

"வாருங்கள்" என்று நார்வேக்காரர் நடந்தார். பிரௌனிங்கைத் தாண்டினோம். பெரெட்டாவைத் தாண்டினோம். மீன் தூண்டில்களையும் தாண்டினோம். கடைசி அலமாரியில் நின்றார். பெட்டிமேல் ஓர் அப்பாவும் மகனும் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சிறுவர் மாடல். 20 கேஜ் பம்ப். கட்டை 13 அங்குலம், குழல் 22 அங்குலம், எடை மூன்று கிலோவுக்குள்.

கண்ணை மூடித் தூக்கினேன். தோளில் வந்து தானாக உட்கார்ந்தது. கண்ணைத் திறந்தால், எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த மான் தலையின் மூக்குக்கு நேராக முனையின் மணி நின்றது. யாரோ எனக்காகவே செய்து வைத்துவிட்டுப் போனதுபோல இருந்தது. "இதில் இன்னொரு வசதி" என்று நார்வேக்காரர் பழக்க தோஷத்தில் ஆரம்பித்தார். "வளர்ந்த பிறகு பெரிய கட்டை வாங்கி மாட்டிக்கொள்ளலாம்." சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது போலும். காது சிவந்துவிட்டது. "எனக்கு நாற்பதாகப் போகிறது. இன்னும் நம்பிக்கை இருக்கிறது" என்றேன்.

அடுத்தது 4473 என்ற மத்திய அரசுப் படிவம். பெயர் எழுதும் இடத்தில் ஒரு நுணுக்கமான குறிப்பு இருக்கிறது. உங்கள் சட்டப்படியான பெயரில் வெறும் இனிஷியல் இருந்தால் பக்கத்தில் 'ஐஓ' என்று எழுத வேண்டும், இனிஷியல் மட்டுமே என்று பொருள். நடுப்பெயர் இல்லாவிட்டால் 'என்எம்என்'. தமிழனை மனதில் வைத்துப் போட்ட ஒரே அமெரிக்கப் படிவம் இதுவாகத்தான் இருக்கும். ஆனால் எனக்கு அது உதவவில்லை. பாஸ்போர்ட் எடுத்த அன்றைக்கே என் இனிஷியல் விரிந்து, குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் அப்பா போய் உட்கார்ந்துவிட்டார். ஆகையால் கவுன்டரில் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். பின்னணிச் சோதனைக்கும் அந்தப் பெயர்தான் எஃப்பிஐக்குப் போயிற்று. முப்பது வருடம் வாத்தியார் வேலை பார்த்து, பிரம்பைத் தவிர வேறு ஆயுதம் தொடாத மனிதர். 'தாமதம்' என்று பதில் வந்தது. துப்பாக்கியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். சிலநாள் கழித்துக் கூப்பிட்டு, பரவாயில்லை, எடுத்துப் போகலாம் என்றார்கள். பழைய மாணவர் யாரோ எஃப்பிஐயில் இருந்திருக்கலாம்.

தோட்டா வாங்கும்போது இன்னொரு சங்கதி. வாத்து வேட்டைக்கு ஈய ரவை 1991லிருந்து அமெரிக்கா முழுக்கத் தடை. நீரடியில் விழுகிற ரவையைத் தின்று வாத்துகள் ஈய விஷத்தில் செத்ததால் வந்த சட்டம். நாங்கள் ஃபெசன்ட் தேடிப்போகிற சதுப்புநிலம் மத்திய அரசு நீர்ப்பறவைகளுக்காக வைத்திருப்பது, அங்கே ஃபெசன்டுக்கும் ஈயம் கூடாது. என்னுடையதில் எஃகு ரவை. எஃகு லேசானது, அதனால் ஈயத்தில் 6 போடுகிற இடத்தில் 4 போட வேண்டும். மேனேஜரின் தாத்தா துப்பாக்கிக்கோ எஃகு ஆகாது, பழைய குழல் கெட்டுவிடும். அவர் பிஸ்மத் வாங்குகிறார். எஃகைப்போல இரண்டு மூன்று மடங்கு விலை. பாரம்பரியம் என்றால் செலவுதான்.

விலையில் ஒளிந்திருக்கும் ஒரு விஷயத்தையும் அவர்தான் சொன்னார். நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதக் கலால் வரி உண்டு. 1937இல் கொண்டுவந்த சட்டப்படி அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. பறவைகள் வாழும் புல்வெளிகளெல்லாம் அதில் வாழ்கின்றன. அப்படியானால் சுட்டும் படாமல் போகிற ஒவ்வொரு தோட்டாவாலும் பறவைக்கு இரட்டை லாபம். அந்த வகையில் மேற்கு மின்னசோட்டாவின் இயற்கைக்கு நான் செய்த தொண்டு பெரிது.

மின்னசோட்டாவில் காலை 9 மணிக்கு முன்னால் ஃபெசன்டைச் சுடக்கூடாது. ஐடிக்காரனுக்கு இசைவான நேரம். ஆரஞ்சு அங்கி, சம்பையும் கோரையும் இடுப்புக்கு மேல், காலடியில் உடைகிற மெல்லிய ஐஸ். முன்னால் மேனேஜரின் லேப்ரடார் மூக்கைத் தரையில் வைத்து ஓடுகிறது. ஒன்றுமே இருக்காது. திடீரென்று முழங்காலுக்குப் பக்கத்தில் யாரோ தகர டப்பாவை உதைத்தது போலச் சத்தம், இறக்கை, கூக்குரல், ஒரு முழ வால். சேவல் என்றால் பச்சைத் தலை, கழுத்தில் வெள்ளை வளையம், செம்பு உடம்பு. பெட்டை என்றால் மண் நிறம், அதைத் தொடக்கூடாது. டிசம்பர் வரும்வரை ஒரு நாளைக்கு இரண்டு சேவல்தான் கணக்கு. சேவலா பெட்டையா என்று பார்த்து, நாய் எங்கே மேனேஜர் எங்கே என்று பார்த்து, சேஃப்டியைத் தள்ளி, தோளுக்குத் தூக்கிப் பார்த்தால் அது பக்கத்துக் கவுன்டியில் இறங்கிக்கொண்டிருக்கும். நாய் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தது. பிறகு மேனேஜர் பக்கம் போய்விட்டது.

இந்தப் பறவை இந்த ஊர்ப் பறவை இல்லை என்பது பலருக்கு மறந்தே போயிற்று. ஷாங்காயில் அமெரிக்கக் கான்சல் ஜெனரலாக இருந்த ஓவன் டென்னி என்பவர் 1881இல் சீனாவிலிருந்து ஆரிகனுக்குக் கப்பலேற்றினார். பிழைத்து, பெருகி, மேற்கிலும் நடுப்பகுதியிலும் பரவி, 1943இல் பக்கத்து மாநிலமான தெற்கு டகோட்டாவின் மாநிலப் பறவையே ஆகிவிட்டது. ஆசியாவிலிருந்து வந்து அறுபது சொச்சம் வருடத்தில் குடியுரிமை, கௌரவம் எல்லாம். என் கிரீன் கார்டு வரிசை போகிற வேகத்துக்கு, அந்த சேவல் என்னைப் பார்த்துக் கூவியதில் கேலி இருந்திருந்தால் அதைக் குறை சொல்ல முடியாது.

மதியத்துக்கு மேல் ஒரு சேவல் எங்கள் இருவருக்கும் நடுவிலிருந்து எழுந்து முன்னால் நேராகப் போயிற்று. இரண்டு துப்பாக்கியும் ஒன்றாகவே வெடித்தன. சேவல் விழுந்தது. நாய் அதைக் கவ்விக்கொண்டு கொஞ்சமும் யோசிக்காமல் மேனேஜர் காலடியில் போட்டது. "நல்ல ஷாட்" என்று நான் அவரிடம் சொன்னேன். "நல்ல ஷாட்" என்று அவர் என்னிடம் சொன்னார். மின்னசோட்டா நாகரிகப்படி ஐந்து நிமிடம் இப்படியே போயிற்று. கடைசியில் பறவையை என் பையில் திணித்தார். பிச்சை வாங்கியவன் போலத்தான் வீடு திரும்பினேன்.

மனைவி அதைச் சுத்தம் செய்து துண்டு போடும்போது, "இதுல ரவை கிடந்தா பல்லு போயிருமே" என்றாள். சட்டென்று ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த மீனாட்சியம்மன் கோயில் காந்தத்தை எடுத்து, ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கறிமேல் தடவினாள். டக் என்று ஒன்று வந்து ஒட்டியது. இன்னொரு துண்டில் இன்னொன்று. நெஞ்சுக்கறியில் இரண்டு. எனக்கு உடம்பு சிலிர்த்தது. பிஸ்மத் காந்தத்தில் ஒட்டாது! ஒட்டியதெல்லாம் எஃகு, 4ஆம் நம்பர், சிறுவர் மாடலிலிருந்து கிளம்பியது. கோபுரத்தில் ஒட்டிய ரவைகளோடு காந்தத்தைப் படமெடுத்து மேனேஜருக்கு அனுப்பினேன். கட்டைவிரல் உயர்த்திய ஒரு பொம்மை பதிலாக வந்தது. பிஸ்மத் ரவை கறிக்குள் இருந்தால் காந்தம் காட்டிக்கொடுக்காது என்பதும் எனக்குத் தெரியும்தான். அதை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பள்ளிபாளையம் கோழி பக்குவத்தில், வரமிளகாயும் தேங்காய்ப் பல்லும் போட்டு அவள் வறுத்துக்கொண்டிருந்தபோது மாமனார் வீடியோவில் வந்தார். பல்லடத்தில் பிராய்லர் பண்ணை வைத்திருப்பவர். தோகைபோன்ற வாலை எடுத்துக் காட்டினேன்.

"வாலு கெடக்கட்டுமுங்க மாப்ள. எடை எவ்வளவுங்க?"

"உயிரோட ஒண்ணேகால் கிலோ இருந்திருக்கும் மாமா."

"உரிச்சா முக்காக் கிலோ" என்றார் உடனே. "வயசு?"

"இந்த வருஷத்துக் குஞ்சுங்க மாமா. நாலஞ்சு மாசம் இருக்கும்."

அந்தப் பக்கம் கொஞ்சநேரம் மௌனம். நாற்பது நாளுக்குள் இரண்டு கிலோ தாண்டவைத்து லாரி ஏற்றுகிற மனிதர். "நம்ம பண்ணையில கிலோ எடைக்கு ஒண்ணரைக் கிலோ சொச்சம் தீவனம் போவுதுங்க. உங்களுக்கு அங்க கிலோவுக்கு எத்தன தோட்டா போவுதுங்க?"

"கணக்கு வெச்சுக்கலீங்க மாமா."

"வெச்சுக்கோணுமுங்க." பிறகு துப்பாக்கியைக் காட்டச் சொன்னார். எடுத்துவந்து அறையைத் திறந்து, காலியென்று காட்டி, ஃபோனுக்கு முன்னால் பிடித்தேன். அவர் அப்பா காலத்தில் சோளக்காட்டுக் காவலுக்குக் கலெக்டர் லைசென்ஸில் ஒரு ஒற்றைக்குழல் இருந்தது. லைசென்ஸில் போட்டிருந்த எஸ்பிபிஎல் என்ற நாலெழுத்தை இப்போதும் பெருமையாகச் சொல்வார். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அதை வைத்துக் கௌதாரிகூடச் சுட்டதில்லை, வானத்தைப் பார்த்து ஒரு வேட்டுப் போடுவதோடு சரி.

"குட்டையா இருக்குதுங்களே மாப்ள."

"ஆளுக்குத் தகுந்த அளவுங்க மாமா."

"அதுஞ் செரிதான்" என்று ஒப்புக்கொண்டார். அப்புறம் ஏதோ ஞாபகம் வந்தவராக, "அய்யன் இருந்தப்ப எலக்சன் வந்தாப் போதும், துப்பாக்கியக் கொண்டுபோயி ஸ்டேசன்ல குடுத்துப்போடோணும். முடிஞ்சு ஒரு மாசங் கழிச்சுத்தான் வரும், அதும் துருப்புடிச்சு. அங்க எத்தன நாளைக்கு முன்னாலீங்க குடுக்கோணும்?"

"இங்க குடுக்க வேண்டியதில்லைங்க மாமா. அவங்கவங்க வீட்லயேதான் இருக்கும்."

"ஊருல அத்தன பேர்கிட்டயுமுங்களா?"

"அத்தன பேர்கிட்டயும்."

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார்.

"அப்பறம் எலக்சன எப்புடித்தானுங்க நடத்தறாங்க?"